நம் கதையை யார் எழுதுவது?

பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் மகன் டாக்டர் பட்டத்திற்குப் படிக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். கடைக்கு வருபவர்கள் என்ன கேட்பார்கள்? "பாய், பையன் டாக்டருக்குப் படிக்கிறானாமே, எந்த ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறான்?" என்பார்கள். "இல்லை, மானிடவியலில் ஆராய்ச்சி செய்கிறான்" என்று சொன்னால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அதில் என்ன வருமானம்?"

கேள்வியில் தவறில்லை. கணக்குப் பார்ப்பது வியாபாரியின் குணம். ஆனால் பார்க்கிற கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டாமா? இந்தப் படிப்பின் பக்கமே போகாததால் நம் சமுதாயத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஒரு மக்கள் கூட்டம் எப்படி வாழ்கிறது? அதன் தொழில், திருமணம், உறவுமுறை, நம்பிக்கை, கொடுக்கல் வாங்கல் எப்படிப்பட்டவை? அவர்களோடு தங்கி, பேசி, பார்த்து எழுதும் படிப்புதான் மானிடவியல்.

யார் எழுதினார்கள்?

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். லெப்பை, மரைக்காயர் பற்றிய குறிப்புகளும் அதில் உண்டு. நமக்குப் பக்கத்திலுள்ள உசிலம்பட்டிச் சீமையின் பிரமலைக் கள்ளர்களை ஆராய, 1949ல் பிரான்சிலிருந்து லூயி துமோன் வந்தார்.

தமிழ் முஸ்லிம் வியாபாரிகளை ஆராய வந்தவர் யார்? அமெரிக்கரான மேட்டிசன் மைன்ஸ். 1960களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஆய்வு செய்தார். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்று நான்கு பிரிவினரும் எப்படித் தொழில் செய்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று எழுதினார். 1972ல் 'முஸ்லிம் வணிகர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. இந்தப் பிரிவுகளுக்கிடையே சாதி அடுக்கு போன்ற மேல் கீழ் இல்லை என்றும், கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த முஸ்லிம்கள் மார்க்கப் பற்றை முன்னைவிட அழுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார்.

கடல் கடந்து வந்து பொறுமையாக எழுதியவருக்கு நன்றி சொல்வோம். ஆனால் பல்லாவரத்துக்காவது ஒருவர் வந்தார். நம் பேகம்பூருக்கு யார் வருவார்? தோல் ஷாப்புகளில் பாடுபட்ட பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆட்டுத்தோல் வாங்கிய வழி, சரக்கு போன ஊர், கூலிக் கணக்கு, கூட்டு வியாபாரம் பிரிந்த கதை எல்லாம் அவர்களோடு மண்ணுக்குள் போகின்றன.

இது வெறும் பழங்கதை ஆசை என்று நினைக்காதீர்கள். சமுதாயம் எந்த உரிமையைக் கேட்டாலும் அரசும் நீதிமன்றமும் கேட்கும் முதல் கேள்வி, "ஆதாரம் எங்கே?" என்பதுதான். 2006ல் சச்சார் குழு அறிக்கை வந்த பிறகுதான் நாம் மேடைதோறும் சொல்லி வந்த பின்தங்கிய நிலையை நாடே ஒப்புக்கொண்டது. மேடைப் பேச்சு செய்யாததை எண்களும் ஆய்வும் செய்தன.

என்ன தேவை?

முதலில், மானிடவியலிலோ பல்கலைக்கழகம் ஏற்கும் நெருங்கிய பாடத்திலோ முதுகலைப் பட்டம். அதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்திய அரசுப் பட்டியலிலும் இருக்கிறார்கள். கிரீமிலேயர் வரம்புக்குள் வராதவர்கள் சான்றிதழைக் காலத்தோடு வாங்கி வைக்க வேண்டும். அடுத்தது 'நெட்' தேர்வு. 2024 முதல் இந்த மதிப்பெண்ணே பி.எச்டி. சேர்க்கைக்கும் எடுத்துக் கொள்ளப்படுகிறது.

2022ம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி, படிப்புக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்குக் கூடுதல் அவகாசமும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆய்வு முறைகளைப் பற்றிய வகுப்புகளை முடித்த பிறகு, களப்பணி. மாதக்கணக்கில் ஓர் ஊரில் தங்கி, அவர்கள் மொழியில் பேசி, அன்றன்று குறிப்பெழுத வேண்டும். பிறகு ஆய்வேடு. வெளித் தேர்வாளர்கள் இருவராவது படித்துப் பார்ப்பார்கள். கடைசியில் வாய்மொழித் தேர்வு.

சென்னைப் பல்கலைக்கழகம், புதுவை, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை இருக்கிறது.

என்ன கிடைக்கும்?

உண்மையை மறைக்கக் கூடாது. இந்தத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு. ஆசிரியர் பணியிடங்களும் குறைவு. நிரந்தர வேலை கிடைத்தால் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். கிடைக்காதவர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். 1945ல் தொடங்கிய இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் தென்மண்டல மையம் மைசூரில் உள்ளது. அருங்காட்சியகங்கள், பழங்குடி ஆய்வு மையங்கள் உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வில் மானிடவியல் ஒரு விருப்பப் பாடம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, "எதிலும் இடம் கிடைக்கவில்லை, இதிலாவது சேருவோம்" என்று வருபவனுக்கு இந்தப் படிப்பு ஏற்றதல்ல. பொறுமையும் கேட்கும் காதும் உள்ள இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும்தான் இது.

நிறுத்தப்பட்ட உதவித்தொகை

'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எப். தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய். அந்த உயரத்தைத் தொட முடியாத சிறுபான்மை மாணவர்களுக்குக் கை கொடுக்க 2009ல் மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை வந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு அதை நிறுத்துவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தது. மற்ற திட்டங்களோடு ஒத்திருக்கிறதாம்! ஒரு கதவை அடைத்துவிட்டு, "அடுத்த வீட்டில் கதவு இருக்கிறதே" என்று சொல்வது என்ன நியாயம்?

அதைத் திரும்பக் கேட்பது நம் உரிமை. கேட்டுக் கொண்டே இருப்போம். அதுவரை கை கட்டி நிற்பதா? திண்டுக்கல்லில் ஒரு கல்யாண விருந்துக்கு ஆகும் செலவில் ஒரு மாணவரின் ஓராண்டுக் களப்பணி நடந்துவிடும். பத்து வியாபாரிகள் சேர்ந்தால் மூன்றாண்டுக்கு ஒருவரைத் தாங்கலாம். ஜமாஅத்துகள் இதைத் தங்கள் கல்வி நிதியில் சேர்க்கட்டும்.

பணம் தர முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். நாளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நம் வீட்டுப் பிள்ளை கடை வாசலில் வந்து நின்றால், "இதில் என்ன வருமானம்?" என்று கேட்பதற்கு முன், ஒரு நாற்காலியைப் போட்டு, பரணில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள்.