அந்த மஞ்சள் மாத்திரை எங்கிருந்து வந்தது?

செப்டம்பர், குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். தங்க நிற ரிப்பன் குத்திக்கொண்டு நிதி திரட்டுபவர்களிடம் ஆண்டுதோறும் ஒரே கேள்வி வீசப்படுகிறது: "ஆராய்ச்சிக்கு எதற்கு உண்டியல்? சிகிச்சைக்குக் கொடுத்தால் நாலு பிள்ளை பிழைக்குமே!" உடனே கைதட்டலும் விழுகிறது. இரக்கம்போல் ஒலிக்கும் இந்தப் பேச்சு பிள்ளைகளுக்குத்தான் கேடு.

அரிய நோய்தானே என்கிறார்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் சிறார்களைத் தாக்குவதை அப்படி ஒதுக்க எப்படி மனம் வருகிறது? மருந்துக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும் என்பதும் நடக்காது. வாங்குவோர் குறைந்த இடத்தில் முதல் போட அவை தயங்கும்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரிப்பதுதான் பெரும் பிழை. 1940-களின் நடுப்பகுதி வரை கடும் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைக் காப்பாற்ற மருந்தே கிடையாது. அன்று கோடி கொட்டியிருந்தாலும் எந்தச் சிகிச்சையை வாங்கியிருக்க முடியும்? பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 16 பிள்ளைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான், ஆனாலும் இந்த நோய் மருந்துக்குப் பணியும் என்பது 1948-இல் உலகுக்குத் தெரிந்தது. அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அமினாப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் லுகேமியாப் பிள்ளைகள் இன்றும் வாரம் ஒருமுறை விழுங்குகிறார்கள். உள்ளங்கையில் வைத்தால் பொட்டளவே இருக்கும் மஞ்சள் மாத்திரை அது.

அதே பிள்ளைகளுக்கு ஊசியில் ஏறும் வின்கிறிஸ்டின் மருந்து, நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் கொடை. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அதன் இலையைக் கனடாவில் சோதித்தவர்கள், எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிவதைக் கண்டார்கள். அந்தத் தடத்தில் போனதால் கிடைத்த மருந்து இது. சிகிச்சையின் கொடுமையைக் குறைத்ததும் ஆராய்ச்சியே. பிள்ளைகளின் படிப்பையும் வளர்ச்சியையும் பாதித்த மூளைக் கதிர்வீச்சைத் தவிர்த்தே லுகேமியாவைக் குணப்படுத்தலாம் என்று மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009-இல் காட்டியது. சிகிச்சைக்கு மட்டுமே பணம் போயிருந்தால், அந்தக் கதிர்வீச்சுக்கல்லவா இன்னும் செலவழித்துக்கொண்டிருப்போம்?

விழிப்புணர்வெல்லாம் வெறும் விளம்பரம் என்பவர்கள் 1948 மே மாதத்து அமெரிக்க வானொலி நிகழ்ச்சியை அறிய வேண்டும். ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுவனை 'ஜிம்மி' என்ற புனைபெயரில் பேசவைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் அவன் படுக்கையைச் சூழ்ந்து நின்றார்கள். ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தரலாம் என்று அறிவித்தார்கள். சேர்ந்தது 2 லட்சம் டாலருக்கு மேல். ஃபார்பரின் ஆராய்ச்சி அந்த நிதியில்தான் வேர்விட்டது. ஜிம்மி எப்போதோ இறந்திருப்பான் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1998-இல், நிதியின் 50-ஆம் ஆண்டில், மேய்ன் மாநிலத்து லாரி ஓட்டுநர் ஒருவர் ஊரறிய வந்து நின்றார். அவர்தான் அந்த ஜிம்மி.