ஜே, கே, பி, ஓ... ஒரு அரைப்புள்ளி!

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை அமர்க்களப்பட்டது நினைவிருக்கிறதா? கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. கூடவே தமிழ் இணைய மாநாடு. நீங்கள் அலங்கார வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதத்தில் சத்தமில்லாமல் ஓர் அரசாணையும் வந்தது. கணினித் தமிழுக்கு இனி யூனிகோடுதான் தரம். அதை ஏற்காத மென்பொருள்களுக்கு மட்டும் 'டேஸ்-16'. என்னைக் கேட்டால், அந்த ஐந்து நாள் கூத்தில் உருப்படியான காரியம் இதுதான்.

ஏன்? பழைய எழுத்துருக்கள் செய்வது கண்கட்டு வித்தை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினியின் மண்டையில் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி! அப்புறம் நீங்கள் 'தமிழ்' என்று தேடினால் அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2009-லேயே விதி போட்டது. அவை 'சோத்கங்கா' தளத்தில் ஏறுகின்றன. நல்லது. ஆனால் தமிழ் ஆய்வேடுகள் பலவும் ஸ்கேன் செய்த படங்கள், அல்லது பழைய எழுத்துருக்கள். கிணத்துக்கடவில் ஒரு மாணவி, பொன்மலை வேலாயுதசுவாமி கோயிலைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவதாக வையுங்கள். நாலாவது அத்தியாயத்தில் பத்துப் பக்கம் இருந்தாலும் அவள் கண்ணில் படாது. கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளியைச் சாக்கில் போட்டுத் தைத்து, "உள்ளே இருக்குதுங்க, நம்புங்க" என்றால் வாங்குவீர்களா?

பதிப்பாளர்களைக் கேட்டால், "பேஜ்மேக்கர்ல பழகிட்டோம் சார்" என்கிறார்கள். 2001-ல் வந்த 7.0-தான் அந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு! இப்போதைய இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகவே வருகிறது. "கோப்பு வெளியே போனால் திருடிடுவாங்க" என்பது அடுத்த சாக்கு. கதைப் புத்தகத்துக்கு அந்தப் பயம் நியாயம். ஆய்வு நூல் விஷயம் வேறு. ஆராய்ந்தவருக்கு உதவித்தொகை, வழிகாட்டிக்குச் சம்பளம், நூலகங்கள் வாங்கும் பிரதிகள் எல்லாம் பெரும்பாலும் பொதுப்பணம். உங்கள் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் போகிறதே, அதுவும் இதில் சேர்த்தி.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை நம் மாணவர்கள் படிக்க, மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. தப்பில்லை, படிக்கட்டும். தமிழ் ஆய்வைப் படிக்கக் கோடிகள் வேண்டாம். இரண்டே இரண்டு விதி போதும்.

ஒன்று: யூனிகோடில் இல்லாத தமிழ் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்கவே கூடாது. இரண்டு: பொது நூலகத்துறை வாங்கும் ஆய்வு நூல் எதுவானாலும், யூனிகோடு கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும். மூன்று வருஷம் பதிப்பாளர் விற்றுக்கொள்ளட்டும்; பிறகு அது எல்லாருக்கும் இலவசம்.

இதற்கு இன்னொரு மாநாடு வேண்டாம். பொன்னாடை, மலர் வெளியீடு, மதிய விருந்து எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது தமிழில் பிஎச்.டி. செய்கிறார்களா? ஆய்வேட்டைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல், எஃப் அழுத்தி, தலைப்பிலிருந்தே ஒரு சொல்லைத் தேடச் சொல்லுங்கள்.

கிடைக்கவில்லை என்றால், அந்த ஐந்து வருஷ உழைப்பு இனி யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.