ஏழு ஊர், நாலு நாள்: நண்பரின் பட்டியலும் என் பேனாவும்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, சிதம்பரம். ஏழு ஊர், நாலு நாள். இருவருக்கும் சேர்த்துச் செலவு பதினைந்தாயிரத்துக்குள். "பார்த்துச் சொல்லுங்க சார், ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கீழே ஒரு கேள்வி.

நான் நாலு ஊரை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "சேர்க்கச் சொன்னா குறைக்கறீங்களே! இனிமே எத்தனை தடவை போகப் போறோம்? போறப்பவே எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துட வேண்டியதுதானே?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை என் மனைவியிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

பணி ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அது. உறவினர்களோடு சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். மூன்று நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பது, அதோடு தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம். பட்டியலைப் போட்டவன் நான்தான். வேன் வாடகையைத் தலைக்கு வகுத்துப் பார்த்தபோது ஒரு கோயிலுக்கு ஆன செலவு அவ்வளவு மலிவாகத் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

என் மனைவிக்குத் தாராசுரம் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. ஏதோ ஒரு பாடப்புத்தகத்தில் அந்தக் கல் தேரின் படத்தைப் பார்த்தாளாம். கல்யாணம் ஆன புதிதிலேயே சொன்னாள். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், என் தாயாரின் உடல்நிலை என்று முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்த வேன் பயணத்தில் மூன்றாம் நாள் தாராசுரத்துக்கும் போனோம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. காலையிலிருந்து நாலு கோயில் ஏறி இறங்கியிருந்தாள். இரண்டு காலும் வீங்கிவிட்டன. சாப்பாடு தள்ளிப் போனதில் சர்க்கரை வேறு இறங்கியிருந்தது. "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றாள். நான் போய் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அவள் வேனில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பட்டியலில் தாராசுரத்துக்கு நேராக ஒரு டிக் விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துச் சொன்னாள்: "நான் என்ன பார்த்தேன்னு கேட்டா, முன் சீட்டோட முதுகைப் பார்த்தேன்னுதான் சொல்லணும்."

அதற்குப் பிறகுதான் என் கணக்கு மாறியது. நம் வயதுக்காரர்கள் ஊரை எண்ணித் திட்டம் போடக் கூடாது, நாளையும் எண்ணக் கூடாது. வேளையை எண்ண வேண்டும்.

நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே ஒரு நாளில் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, அவ்வளவுதான். எழுபது வயதில் ஒரு வேளைக்கு ஓர் இடம். ஐந்து நாள் பயணம் என்றால் பத்து வேளை. போகிற நாள் முழுவதும் ரயிலுக்குப் போய்விடும். திரும்புகிற நாளில் காலை மட்டும் மிஞ்சும். மீதி ஏழு. அதில் ஒன்றை எதுவும் செய்யாமல் சும்மா இருக்க ஒதுக்குங்கள். ஆக ஆறு. ஏழு ஊரை இந்த ஆறு வேளைக்குள் எப்படி அடைப்பது?

இந்தக் கணக்கை வைத்துத்தான் போன தை மாதம் நாங்கள் இருவரும் போய் வந்தோம். பட்டியலைக் குறைக்க ஒரு சாக்கு வேண்டுமே, அதற்கு யுனெஸ்கோ உதவியது. தஞ்சைப் பெரிய கோயிலை 1987-லும், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் கோயில்களை 2004-லும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தார்கள். ராஜராஜன் கட்டியது ஒன்று, அவர் மகன் ராஜேந்திரன் கட்டியது ஒன்று, பின்னால் வந்த இரண்டாம் ராஜராஜன் கட்டியது ஒன்று. இந்த மூன்று, கூட ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். மற்றதெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

தங்குவதற்கு இரண்டே ஊர். திருச்சியில் இரண்டு இரவு, கும்பகோணத்தில் இரண்டு இரவு. தினம் ஒரு லாட்ஜ் மாற்றுவது போல அலுப்பு வேறில்லை. பெட்டியைக் கட்டி, மாத்திரையை எண்ணி, சார்ஜரைத் தேடி, கணக்கு முடித்து வருவதற்குள் காலை வேளை போய்விடும்.

முதல் நாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தாம்பரத்தில் மத்தியானம் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி, சாயங்காலம் திருச்சியில் இறங்கி, இட்லி சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். இரண்டாம் நாள் காலை ஸ்ரீரங்கம், மாலை திருவானைக்காவல். மலைக்கோட்டையைக் கீழே நின்று கும்பிட்டதோடு சரி, நானூறு படிக்கு மேல் ஏற இனி முடியாது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பி எட்டு மணிக்குத் தஞ்சாவூர். பெட்டிகளை ரயில் நிலையத்தில் க்ளோக் ரூமில் போட்டோம் (பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், மறக்காதீர்கள்). பெரிய கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் அந்தக் கருங்கல் தரை காலைச் சுடும். 1010-ல் முடித்த விமானத்தின் நிழலில் ஓரமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. பிறகு சாப்பாடு, ஒரு மணிக்குக் கும்பகோணம் பஸ். நடை சாத்தியிருக்கும் நேரத்தில் ஊர் மாறிவிட்டால் வேளை எதுவும் வீணாகாது. இது நான் வேன் பயணத்தில் கற்ற பாடம். அன்று மாலைதான் எங்கள் "சும்மா" வேளை. மகாமகக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தோம்.

நான்காம் நாள் காலை வாடகைக் காரில் கங்கைகொண்ட சோழபுரம், மாலை தாராசுரம். ஐந்தாம் நாள் காலை கடைத்தெருவில் டிகிரி காபி, கொஞ்சம் வெற்றிலை பாக்கு, பிறகு பகல் சோழன் எக்ஸ்பிரஸ்.

இருவருக்கும் சேர்த்து ஆன செலவு: அறை நான்கு இரவுக்கு 6,000. ரயில், பஸ் 2,200. கார், ஆட்டோ 3,000. சாப்பாடு 3,000. அர்ச்சனை, பூ, காணிக்கை 800. மொத்தம் 15,000. அவசரத்துக்கென்று தனியாக 2,000 வைத்திருந்தேன், தொடவில்லை.

எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

இரவு ரயிலில் போனால் ஒரு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம் என்பார்கள். அது நாற்பது வயதுக் கணக்கு. விடிகாலை நாலரைக்கு இறங்கி, அறை கிடைக்காமல் வரவேற்பறை சோபாவில் தூங்கி வழிந்தால் அன்றைய இரண்டு வேளையும் போச்சு. பகல் ரயிலில் போங்கள். இரவு ரயில்தான் வேண்டுமென்றால், ஒரு டிக்கெட்டில் இருவருக்கு மேல் சேர்க்காமல் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கேளுங்கள். மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பழைய டிக்கெட் விலையை மனதில் வைத்து பட்ஜெட் போடாதீர்கள். முன்பதிவும் இப்போது 120 நாளில்லை, 60 நாள்தான்.

அறையில் மிச்சம் பிடிக்கக் கூடாது. லிப்ட் உண்டா, இல்லாவிட்டால் தரைத்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா: இந்த நாலு கேள்வியையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். தேதி குறிப்பதற்கு முன் தினசரி காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், கல்யாண கோஷ்டி எல்லாவற்றையும் பிடித்துவிடும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கம் நமக்கு வேண்டாம். 2028-ல் மகாமகம் வருகிறது, அந்த வருஷம் யோசித்துத் திட்டமிடுங்கள்.

மிச்சம் பிடிக்க வேறு வழிகள் உண்டு. ஐந்து நாளும் கார் வேண்டியதில்லை. அரை நாள் கார் போதும், மற்றதற்கு பஸ்ஸும் ஆட்டோவும். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மனைவி ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுங்க" என்று ஜம்பமாகச் சொல்வாள். கடைத்தெருவில் பாத்திரம், புடவை என்று நிற்கப் போகிறீர்களா என்பதை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

"பேக்கேஜ் டூர்ல போங்கப்பா, ஒரு கவலையும் இல்ல" என்று என் மகன் சொன்னான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உட்கார வேண்டும் என்றால் நாற்பது பேரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

தாராசுரத்துக்கு நாலரை மணிக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது. பலிபீடத்தின் அருகே தட்டினால் ஒலி எழும் என்கிற கல் படிகளைக் கம்பி வலை போட்டு அடைத்திருக்கிறார்கள். வெளியில் நின்று பார்த்தோம். பிறகு அந்தக் கல் தேருக்கு எதிரில், சக்கரமும் குதிரையும் தெரிகிற இடத்தில், என் மனைவி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஆறரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. "புஸ்தகத்துல ஒரு சக்கரம்தாங்க தெரியும்" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

நாங்கள் சிதம்பரம் பார்க்கவில்லை, நாகூர் போகவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்றால், இருக்கத்தான் செய்கிறது. நண்பர் சொன்னது போல இனி எத்தனை தடவை போகப் போகிறோம்? அதனால்தான் சொல்கிறேன், மிச்சமிருக்கிற தடவைகளில் ஒன்றை வேனுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கழிக்க வேண்டாம்.

நேற்று நண்பர் மறுபடி போன் செய்தார். திருநள்ளாறு, நாகூர், சிதம்பரம் மூன்றையும் எடுத்துவிட்டாராம். "வேளாங்கண்ணியை மட்டும் எடுக்க முடியாது சார், வீட்டுல ஒரு வேண்டுதல் இருக்கு" என்றார்.

அப்படியானால் அது இருக்கட்டும், திருச்சியை எடுத்துவிடுங்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.