படி தெரியாத கண்ணாடி



மாதர் சங்கக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை, நீரே வாசியும்." படிவம் நிரப்பும்போதும் இதைச் சொல்வார்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போதும் சொல்வார்கள். இவர்களில் பலருக்கு வீட்டிலும் கண்ணாடி இல்லை என்பது எனக்குத் தெரியும். 2017, 2018ஆம் ஆண்டுகளில் நுண்கடன் தொல்லை எங்கள் பக்கம் தலைக்கு மேல் போயிருந்த நேரம், ஓர் அக்காவிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டேன். "எழுத்துச் சின்னன். அவர் சொன்ன இடத்தில கையெழுத்து வைச்சன்" என்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியும். கண்ணுக்குத்தான் எழுத்துத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லித் திரிகிற நான், என் வீட்டில் நடந்ததைக் கவனிக்கவில்லை. இந்த மாதம் அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் அம்மாவுக்கு இப்போது 62 வயது. விசுவமடுவில் தையல் மெசின் ஒன்றை வைத்து எங்களை வளர்த்தவர். அவருடைய முதல் கண்ணாடி 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது எங்கேயோ விழுந்துபோனது. அன்று கண்ணாடியைத் தேட யாருக்கும் எண்ணம் வரவில்லை. பிறகு மெனிக்பாம் முகாமில் யாரோ கொண்டுவந்த பெட்டி ஒன்றிலிருந்து பழைய கண்ணாடி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். யாருடைய கண்ணுக்கு அளந்ததோ தெரியாது. முகாமை விட்டு வீடு திரும்பிய பிறகும் அதன் ஒரு காதுக்கு நூல் கட்டிப் பல வருடம் பாவித்தார்.

2023 ஐப்பசியில் சுவிஸில் இருக்கும் தம்பி காசு அனுப்பினான். "அம்மாவுக்குப் புறோகிறசிவ் கண்ணாடி வாங்கிக் கொடுங்கோ அக்கா, இங்க எல்லாரும் அதுதான் போடுறவை" என்றான். நானும் அம்மாவைப் பேருந்தில் ஏற்றி நகரத்துக் கண்ணாடிக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன்.

புறோகிறசிவ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதை அண்டும்போது கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை இறுகத் தொடங்குகிறது. சிறு வயதில் அது மெதுமையாக இருக்கும், கிட்டப் பார்க்கும்போது தானே குவிந்து கொடுக்கும். இறுகிய பிறகு அப்படிக் குவிய மாட்டாது. இதைத்தான் எங்கள் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள். இது நோயல்ல, எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அது தவறு. போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை தன்பாட்டில் இறுகிக்கொண்டுதான் போகும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. வாசிக்க மட்டும் போடும் கண்ணாடி ஒன்று. மேலே தூரமும் கீழே கிட்டவும் தெரிகிற, நடுவில் கோடு விழுந்த பைபோக்கல் மற்றது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின் 1784இல் தன் கடிதமொன்றில் அத்தகைய கண்ணாடியைப் பற்றி எழுதியிருக்கிறார், அவ்வளவு பழையது. மூன்றாவதுதான் புறோகிறசிவ். இதில் கோடு கிடையாது. மேலிருந்து கீழே வரவரப் பவர் சிறிது சிறிதாகக் கூடும். பேர்னார்ட் மெத்தனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் உருவாக்கிய இவ்வகை வில்லை 1959இல் சந்தைக்கு வந்தது. கோடில்லாத கண்ணாடிக்கு ஒரு விலை உண்டு. நடுவில் ஒடுங்கிய ஒழுங்கை மாதிரி ஒரு பாதை மட்டும் தெளிவாக இருக்கும். அதன் இரண்டு பக்கமும், கீழ் மூலைகளில் கூடுதலாக, காட்சி கலங்கும், வளையும். கிட்டப் பார்வைக்கான பவர் எவ்வளவு கூடவோ, கலக்கமும் அவ்வளவு கூட. நாற்பத்தைந்தில் முதன்முதல் போடுபவர் இலகுவாகப் பழகிவிடுவார். அறுபதைத் தாண்டி முதன்முதல் போடுபவருக்குச் சிரமம் அதிகம்.

கடையில் இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பிறேமின் அழகுதான் பெரிதாகப் பட்டது. அம்மாவின் சிறிய முகத்துக்கு ஒடுங்கிய, உயரம் குறைந்த பிறேம் ஒன்றை நானே தெரிவு செய்தேன். அளந்தவர் நின்றுகொண்டு அளந்தார். அம்மா கதிரையில் இருந்தபடி, மரியாதைக்காகக் கண்ணை உயர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் பேனையால் புள்ளி வைக்கப்பட்டது. பத்து நாளில் கண்ணாடி வந்தது.

முதல் கிழமை அம்மா அதைப் போட்டார். இரண்டாம் கிழமை தலையிடி என்றார். பிறகு தையலுக்கு வரும் துணிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். "வயசு போட்டுது, இனிப் போதும்" என்றார். நானும் அதை நம்பினேன்! ஒருநாள் அரிசி ரின்னுக்குள் கையை விட்டபோது கண்ணாடி கூட்டோடு அகப்பட்டது. விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கிணற்றுக்கட்டில் வாளியோடு இறங்கும்போது படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலை வெறும் வெளியில் வைத்திருக்கிறார். துலாக்காலைப் பிடித்ததால் தப்பினார்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"தம்பி எவ்வளவு குளிருக்க நிண்டு உழைச்சு அனுப்பின காசு. விலை கூடின கண்ணாடி பிழையாய் இருக்குமே? பிழை என்ர கண்ணிலதான்."

சகோதரிகளே, இந்தப் பதிலில் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நிவாரணத்தில் வந்த செருப்புக் கடித்தாலும் காலைத்தான் குறை சொல்வோம். வாங்கிப் பழகியவர்களுக்குப் பொருளைக் குறை சொல்லும் துணிவு இலேசில் வருவதில்லை.

அம்மாவுக்கு நடந்தது அபூர்வமானதும் அல்ல. அவுஸ்திரேலியாவில் வயதானவர்களிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பைபோக்கல், புறோகிறசிவ் போன்ற கண்ணாடி பாவிப்பவர்கள் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. காரணம் எளிது. குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் வாசிக்கும் பகுதியினூடாகத்தான் நிலத்தைப் பார்க்கிறோம். அந்தப் பகுதி ஒரு முழத் தூரத்துக்கு ஆனது. நிலமோ நாலடிக்கு அப்பால் இருக்கிறது.

கடைக்குத் திரும்பிப் போனோம். "பழகிவிடும் அம்மா" என்ற ஒரே பதில்தான். ஆகவே அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் காட்டினோம். அங்கே கண் அளக்கும் உத்தியோகத்தர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, வில்லையில் ஊசிமுனையால் கீறியதுபோல இருந்த நுண்ணிய அடையாளங்களைக் காட்டினார். எல்லா புறோகிறசிவ் வில்லையிலும் இவை இருக்குமாம். அவற்றை வைத்துப் புள்ளி போட்டு, அம்மாவை நேரே பார்க்கச் சொன்னார். தூரப் பார்வைக்குரிய புள்ளி கண்மணிக்கு நேரே விழ வேண்டும். அம்மாவுக்கு அது 4 மில்லிமீற்றர் மேலே ஏறி நின்றது. உயர்த்திய கண்ணுக்கு வைத்த புள்ளி அல்லவா! போதாக்குறைக்கு நான் தெரிந்த உயரம் குறைந்த பிறேமில் வாசிக்கும் பகுதியின் அடிப்பாகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதாவது தூரமும் பிழை, கிட்டவும் குறை. பாதிப் பழி கடைக்கு, பாதி எனக்கு.

அந்தக் கடதாசியோடு மீண்டும் கடைக்குப் போய், உயரமான பிறேம் ஒன்றுக்கு மட்டும் காசு கட்டி, வில்லையைப் புதிதாகச் செய்து தரும்படி நின்றேன். சற்றுக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. செய்து தந்தார்கள். இம்முறை அளப்பவரும் அம்மாவின் முகத்துக்கு நேரே கதிரை போட்டு இருந்துதான் அளந்தார். இரண்டு கண்ணுக்கும் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியே தூரம் எடுத்தார். நீங்களும் இதைக் கேளுங்கள். எங்கள் முகங்கள் இரு பக்கமும் ஒரே அளவானவை அல்ல.

பழகுவதற்கு இரண்டு கிழமை எடுத்தது. முதல் நாள் விறாந்தையில் இருந்து முற்றத்து வேம்பையும் மடியில் இருந்த பத்திரிகையையும் மாறிமாறிப் பார்ப்பதுதான் வேலை. இதில் கண்ணை உருட்டக் கூடாது, தலையைத் திருப்ப வேண்டும். மூக்கு எங்கே நேரே நிற்கிறதோ அங்கேதான் தெளிவு இருக்கும். படி இறங்கும்போது நாடி நெஞ்சில் முட்டக் குனிந்து, மேல் பகுதியால் பார்க்க வேண்டும். இடையில் பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டால் பழகியதெல்லாம் வீண். நூல் கட்டிய அந்தக் கண்ணாடியை நான் ஒளித்து வைத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகும் தலைசுற்று நின்றால் கண்ணைக் குறை சொல்லாமல் கண்ணாடியைத் திரும்பச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கோயிலுக்கும் சந்தைக்கும் பேருந்தின் பெயர்ப்பலகைக்கும் புறோகிறசிவ் அம்மாவுக்கு ஒத்து வந்தது. மெசினுக்கு வரவில்லை. சேலைக் கரையை நீளத்துக்கு மடித்து அடிக்கும்போது இரண்டு பக்கமும் துணி வளைந்து தெரிகிறது என்றார். தையற்காரிதானே, தானே அளவு நாடாவை எடுத்துக் கண்ணிலிருந்து ஊசி வரை பிடித்தார். 45 சென்ரிமீற்றர். அதைக் கிளினிக்கில் சொன்னோம். அந்தத் தூரத்துக்கென்று ஒரே பவரில் சாதாரணக் கண்ணாடி ஒன்று எழுதித் தந்தார்கள். புறோகிறசிவ் விலையில் அது ஒரு சிறு துண்டு. உண்மையைச் சொன்னால் அம்மாவின் உழைப்பைத் திருப்பித் தந்தது அந்த மலிவுக் கண்ணாடிதான். கிணற்றடிக்குப் போகும்போது இரண்டையும் கழற்றி வைத்துவிடுகிறார். அவருக்குத் தூரப் பார்வைக் குறை மிகச் சிறிது.

ஆகவே உங்களிடம் காசு குறைவு என்றால் மனம் தளர வேண்டாம். 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்று எல்லோரும் அறிவோம். அரச கிளினிக்கில் கண் சோதிக்கக் காசில்லை. எழுதித் தரும் துண்டை எந்தக் கடைக்கும் கொண்டு போகலாம். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் நிறை, பெறாதவர்களோடு ஒப்பிட 22 வீதமளவு கூடியது. அதுவும் சாதாரண வாசிப்புக் கண்ணாடிதான்.

எங்கள் மண்ணுக்கென்று சில விடயங்களும் உண்டு. செயற்கைக் காலோடு நடக்கும் சகோதரிகள் நிலத்தைப் பார்த்துத்தான் அடி வைக்கிறார்கள். அவர்களுக்கு நடக்க ஒன்று, வாசிக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடிகளே நல்லது. செல்லில் ஒரு கண்ணை இழந்தவர்கள், மிஞ்சிய கண்ணைக் காப்பதற்காகப் பொலிகாபனேற் வில்லை கேட்டு வாங்க வேண்டும். அது இலேசில் உடைந்து சிதறாது. விறகு கொத்தும்போதும் அது முகத்தில் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் சீனி கட்டுப்பாட்டில் இருக்கும் காலத்தில் அளக்க வேண்டும். சீனி ஏறி இறங்கினால் பவரும் மாறும், கண்ணாடிக் காசு வீணாகும். நாற்பதுக்குப் பிறகு கண் அமுக்கத்தையும் சோதிக்கக் கேளுங்கள். குளுக்கோமா பெரும்பாலும் நோவில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் பார்வையைத் தின்கிற வியாதி.

அம்மா இப்போது மீண்டும் தைக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சட்டை தைக்க வந்தார். 2009இல் மகனைத் தொலைத்தவர். 2017 மாசி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு நாள் தவறாமல் போய் வந்தவர். மகனுடைய படத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு எப்போதும் கையிலேயே வைத்திருப்பார். அம்மாவின் மெசின் கண்ணாடியை விளையாட்டாக எடுத்துப் போட்டவர், அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இந்த மச்சம் இடப்பக்கமே?"

நானும் வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் இடப்பக்கம், சட்டைக் கொலருக்குச் சற்று மேலே, சிறிய மச்சம்.

"நான் வலப்பக்கம் எண்டெல்லோ சொன்னனான். எல்லாப் படிவத்திலயும் அப்பிடித்தானே எழுதிக் குடுத்தது."

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அவர் கொடுத்த படிவத்தின் பிரதி என் கோவையில் இருந்தது. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'வலது' என்று எழுதியிருந்தது. திருத்தக் கடிதம் எழுதினோம். கையெழுத்து வைக்கும் முன் அவர் கண்ணாடியை மீண்டும் கேட்டு வாங்கி, கடிதம் முழுவதையும் தானே ஒருமுறை வாசித்தார்.