திறந்த கதவுக்கு யார் பொறுப்பு?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் பங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி, "சாமி, இந்தப் படிப்பு செல்லுமா?" என்பதே. எது நல்ல படிப்பு என்பதைவிட, எது செல்லும் படிப்பு என்ற கவலையே இன்று எளிய குடும்பங்களை அதிகம் வாட்டுகிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

ஒரு படிப்பு செல்லும், செல்லாது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது? 1976-ஆம் ஆண்டின் 42-வது சட்டத்திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குச் சென்றது. ஆனால் உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது தொடக்கம் முதலே மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. 1956-ஆம் ஆண்டின் சட்டப்படி பல்கலைக்கழக மானியக் குழு குறைந்தபட்ச விதிகளை வகுக்கிறது. அந்த வரம்புக்குள் யாரைச் சேர்ப்பது, வேறு வாரியத்தின் தேர்வையோ வேறு பல்கலைக்கழகத்தின் பட்டத்தையோ தமக்கு இணையாக ஏற்பதா என்பதைப் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் முடிவு செய்கின்றன. கல்வியாளர்களின் இத்தகைய முடிவுகளில் நீதிமன்றம் எளிதில் தலையிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே மைசூர் பல்கலைக்கழக வழக்கில் கூறிவிட்டது. சிறுபான்மையினரான நம் கல்லூரிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு நமக்கு நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. குறைந்தபட்சத் தகுதியைத் தளர்த்தும் உரிமையைத் தரவில்லை. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பும் இதைத் தெளிவாக்கியது.

இந்த அதிகாரம் தேவையானதே. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. திருச்சபையும் குருமாணவர்களுக்கு ஒழுங்கு வகுத்துள்ளது. மெய்யியலுக்கும் இறையியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 250. எனவே தகுதி கேட்பதே அநீதி என்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் தகுதி பார்க்க வேண்டியவரே அதைப் பாராமல் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? தமிழகம் இதை நேரில் கண்டது. முறையான பள்ளிக் கல்வியோ முதல் பட்டமோ இல்லாதவர்களுக்கும் திறந்தநிலை முறையில் பட்டப்படிப்பும் முதுகலையும் சில பல்கலைக்கழகங்களில் கிடைத்தன. அப்படி இளங்கலை இல்லாமல் பெற்ற ஒரு முதுகலைப் பட்டம் குறித்த வழக்கில், 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடுத்த மேல்முறையீட்டில், மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும், முதல் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது, பின்னர் கொடுக்கப்பட்ட ஒப்புதலால் அக்குறையைப் போக்க முடியாது என்று கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை எண் 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்றாயிற்று.

சட்டப்படி தீர்ப்பு சரியே. ஆனால் சுமை யார் தலையில் விழுந்தது? விண்ணப்பத்தை ஏற்றது பல்கலைக்கழகம். கட்டணம் பெற்றதும், தேர்வு நடத்தியதும், முத்திரையிட்டுப் பட்டம் கொடுத்ததும் பல்கலைக்கழகமே. பட்டம் செல்லாதபோது வேலையையும் பதவி உயர்வையும் இழந்தவரோ படித்தவர். குடும்ப வறுமையால் பள்ளியை விட்டு, வேலை பார்த்துக்கொண்டே இரவில் கண்விழித்துப் படித்தவர்களும் இவர்களில் அடங்குவர்.

இங்கேதான் நம் விசுவாசம் பேச வேண்டும். பையில் இரண்டு வகையான எடைக்கற்களை வைத்திருப்பதை ஆண்டவர் வெறுக்கிறார் என இணைச்சட்ட நூலின் 25-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. சேர்க்கும்போது ஓர் எடைக்கல், வேலை தரும்போது வேறோர் எடைக்கல் என்றால் அது நேர்மையான சந்தை அல்ல. அறிவின் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, தாங்களும் நுழையாமல் நுழைவோரையும் தடுத்த திருச்சட்ட அறிஞர்களை இயேசு கண்டித்ததை லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உள்ளே அழைத்துச் சென்று, பின்னர் வெளியே தள்ளுவதும் அதே திறவுகோலைத் தவறாகப் பயன்படுத்துவதுதான்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. உயர்கல்வித் தகுதிகளை ஏற்பது பற்றி 1997-இல் லிஸ்பன் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் இல்லை. திருப்பீடம் அதில் பங்குபெற்றுள்ளது. ஒருவரின் தகுதி போதாது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு மதிப்பீடு செய்யும் நிறுவனத்தையே சாரும் என்கிறது அந்த உடன்படிக்கை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவருக்கே கடமையும் என்பதே இதன் சாரம். நம் நாட்டிலும் இந்த நியாயத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தவறான சேர்க்கைக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், விடுபட்ட தகுதியைப் பெற வாய்ப்பளிப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமையாக வேண்டும்.

அதுவரை நாம் விழிப்பாய் இருப்போம். தொலைநிலைக் கல்வி என்றாலே செல்லாது என்பது தவறான எண்ணம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் உறுதிசெய்துள்ளது. ஆனால் அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட படிப்புகளுக்கும், குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்கும் தரப்படுகிறது. பணம் கட்டுமுன் பட்டியலைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மைச் சான்று வழங்க மானியக் குழு 2025 ஏப்ரலில் புதிய விதிகளை வெளியிட்டுள்ளது. மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவை அதில் அடங்கா. அவற்றுக்கு அந்தந்தத் துறையின் மன்றங்களையே அணுக வேண்டும். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவோம்.

பங்குப் பேரவைகளும் இளைஞர் இயக்கங்களும் இதற்கு உதவலாம். இணையத்தில் தேடத் தெரிந்த இரண்டு பட்டதாரிகள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கினால், பல குடும்பங்களின் கண்ணீரைத் தடுக்க முடியும். நம் நிறுவனங்கள் நடத்தும் சான்றிதழ், பட்டயப் படிப்புகளின் விளம்பரங்களிலும் எந்த வேலைக்கு இது செல்லும், எதற்குச் செல்லாது என்பது தெளிவாக இடம்பெறட்டும். உண்மையைச் சொன்னால் சில இடங்கள் காலியாக இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகள் வீணாகாது.

கல்வி பெறுவது எல்லா மனிதருக்கும் உள்ள பறிக்க முடியாத உரிமை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அந்த உரிமையின் கதவைக் காப்பவர்கள் நேர்மையோடு காக்கவும், அதைத் தட்டும் பிள்ளைகள் ஏமாற்றப்படாதிருக்கவும் இறைவனிடம் மன்றாடுவோம். நம்மால் ஆனதையும் செய்வோம்.