பூட்டு திறக்கலைன்னா கதவைக் கழட்டுவீங்களா?

ஒரே ஆள் ஐந்து கணினிகளில் ஐந்து பாத்திரங்களை வைத்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவதற்கு மல்டிபாக்சிங் என்று பெயர். ஒரு கீபோர்டில் தட்டுவதை ஹாட்கீநெட் போன்ற மென்பொருள் நெட்வொர்க் வழியே மற்ற கணினிகளுக்கும் அனுப்பிவந்தது. சில நேரம் நாலு பாத்திரம் ஓடும், ஐந்தாவது மட்டும் மரம் மாதிரி நிற்கும். உடனே ஒரு மேதாவி சொல்வார்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு!"

அடப்பாவிகளா! 2003-ல் பிளாஸ்டர் புழு எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்து ஆட்டம் போட்டதே, அப்போது எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, அணைந்து கிடந்தது. 2004-ல் சர்வீஸ் பேக் 2 வந்துதான் அது தானாக இயங்க ஆரம்பித்தது. அதைப் போய் அணைப்பதா? அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது.

பல சமயம் குற்றவாளி ஃபயர்வாலே இல்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு விதி உண்டு. சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடுவதற்கு விசைகளை அனுப்ப முடியாது. தடுத்ததாக ஒரு பிழைச்செய்திகூட வராது (ஊமைக்குசும்பு!). அந்த ஐந்தாவது கணினியில் விளையாட்டு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல மேதாவிக்குத் தோன்றாது.

ஈவ் ஆன்லைன் 2015 ஜனவரியிலும், வார்கிராஃப்டில் பிளிசார்ட் 2020 நவம்பரிலும் இப்படி விசை பரப்புவதையே தடை செய்துவிட்டார்கள். மென்பொருளைத் தூக்கியெறிந்தவர்களில் எத்தனை பேர் ஃபயர்வாலைத் திரும்பப் போட்டார்கள்?