சின்னத் தோட்டாவும் சிக்கனப் பயிற்சியும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படம் நினைவுக்கு வரும். சிலருக்குக் காவல் நிலையம். தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் முகாமில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் அழுத்தி, ‘பாயிண்ட் டூ டூ’ ரைபிளில் சுட்ட சில தோட்டாக்கள் நினைவுக்கு வரும். அந்தச் சில தோட்டாக்களோடு பலருடைய ஆர்வம் முடிந்தும் விடுகிறது. அப்படி முடிய வேண்டியதில்லை. அதே சின்னத் தோட்டாவால் சுடும் கைத்துப்பாக்கிப் பயிற்சி அரசுக் கல்லூரி மாணவனுக்கும் மாணவிக்கும் எட்ட வேண்டும் என்பது எனது கருத்து. இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தும் பேராசிரியப் பெருமக்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்த .22 தோட்டாவை ‘ரிம்ஃபயர்’ என்பார்கள். பெரிய தோட்டாவில் தட்டினால் தீப்பற்றும் மருந்து, அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு தனிச் சிமிழில் இருக்கும். சின்னத் தோட்டாவில் அது பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டினால் போதும். தனிச் சிமிழ் இல்லை, கூடு மெல்லியது, வெடிமருந்து ஒரு சிட்டிகை, ஈயக்குண்டு ஏறத்தாழ 2.6 கிராம். 9 மில்லிமீட்டர் பிஸ்டலின் குண்டோ 8 கிராம் அளவுக்கு வரும். விலை குறைவின் இரகசியம் இவ்வளவுதான். பிரான்சில் 1845-ஆம் ஆண்டு வாக்கில் ஃபிளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்திலேயே சுட்டுப் பழகுவதற்காக இவ்வகைத் தோட்டாவைச் செய்தார். இன்று உலகெங்கும் புழங்கும் ‘லாங் ரைஃபிள்’ வடிவம் 1887-இல் வந்தது. பெயரில் ரைபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதுவேதான்.

விலை மட்டுமே காரணம் என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். கைத்துப்பாக்கி கற்பதற்கு மிகக் கடினமான கருவி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு 12.5 செ.மீ. விலகிப் போகும். 60 செ.மீ. இடைவெளி உள்ள ரைபிளில் அதே தவறு 4 செ.மீ. சொச்சம்தான். போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 5 செ.மீ. எனில், ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் பத்தை ஆறாக்கிவிடும். தோளில் முட்டுக் கொடுக்கவும் வழியில்லை. ஒற்றைக் கையை நீட்டி நிற்க வேண்டும். இதை ஆயிரக்கணக்கான முறை செய்தால்தான் கை படியும். ஆயிரக்கணக்கான முறை செய்ய வேண்டுமென்றால் தோட்டா மலிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று பின்னுதைப்பு. நியூட்டனின் மூன்றாம் விதியைத் தேர்வுக்கு எழுதிய அனைவருக்கும் இது புரியும். 9 மில்லிமீட்டர் குண்டின் உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட .22 குண்டுக்கு இல்லை. பெரிய தோட்டாவில் தொடங்குகிறவன் சத்தத்துக்கும் உதைப்புக்கும் அஞ்சிக் குண்டு வெடிக்கும் முன்பே கண்ணை மூடுகிறான். மணிக்கட்டு தானாகக் கீழே சாய்கிறது. அவனுக்கே அது தெரியாது. பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி வைத்திருக்கிறார்கள். அவனறியாமல் ஒரு போலித் தோட்டாவை இடையில் செருகி விடுவார்கள். விசையை இழுத்ததும் வெடிக்காது, ஆனால் குழல் மட்டும் ஒரு துள்ளுத் துள்ளும்! இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உதறுவது அரிது. சின்னத் தோட்டாவில் தொடங்குகிறவனிடம் இது எளிதில் ஒட்டுவதில்லை. அவன் மூச்சையும் விசையையும் குறியையும் மட்டுமே கவனிக்கிறான்.

நிற்க. இது விளையாட்டாகப் பழகுவோருக்கு மட்டுமான மலிவுச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியும் ஆண்களுக்கான 25 மீட்டர் விரைவுப் போட்டியும் இதே .22 தோட்டாவில்தான் நடக்கின்றன. 2012-இல் லண்டனில் இந்தியத் தரைப்படை வீரர் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றது அந்த விரைவுப் போட்டியில்தான். ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளால் எட்டு விநாடியிலும், பிறகு ஆறிலும், பிறகு நான்கிலும் அடிக்க வேண்டும். அவருக்குத் தோட்டாவும் தளமும் தந்து உருவாக்கியது தரைப்படை.

நம் மாவட்டத்துக்கும் இந்தத் துறையில் பெயர் உண்டு. புதுக்கோட்டை அரச மரபில் வந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ‘டிராப்’ போட்டியில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் டிராப் என்பது பறக்கும் மண் தட்டுகளைச் சுடுவது. தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள். அந்தத் தோட்டாச் செலவை ஆலங்குடியிலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் பஸ் பாஸில் வந்து படிக்கும் மாணவன் கனவிலும் தாங்க முடியாது. அரண்மனையும் படையும் கைகொடுக்காத பிள்ளைக்கு வழி எது? என் கேள்வி அதுதான்.

இனி மறுபக்கம். புதுக்கோட்டையில் துப்பாக்கிப் பயிற்சி என்று சொல்லிவிட்டு நார்த்தாமலையைப் பேசாமல் போவது நேர்மையாகாது. 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தபோது, தளத்துக்கு வெளியே இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அங்குப் பயிற்சி நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்று ‘விளையாட்டு வளர்ச்சி’ என்று பேச எனக்கு நா எழாது.

சின்னத் தோட்டா என்றால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்த 2.6 கிராம் ஈயம் ஒன்றரை மைல் வரை போகக்கூடும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். ஒன்றரை மைலுக்குள் நம் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை ஆடு மேய்க்கும் பிள்ளைகள்! ஆகவே மலையை நம்பித் திறந்த வெளியில் சுடுவது கூடாது. இதிலும் .22-க்கு ஒரு வசதி உண்டு. அதற்கு 25 மீட்டர் போதும். 25 மீட்டர் என்றால் நான்கு பக்கமும் அடைத்துவிடலாம். தலைக்கு மேல் குறுக்குத் தடுப்புகளும் போட்டு, வானம் தெரியாதபடி செய்துவிடலாம். பெரிய துப்பாக்கிகளின் நூற்றுக்கணக்கான மீட்டர் தளத்துக்கு இது இயலாத காரியம்.

‘காற்றுத் துப்பாக்கி போதாதா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். முதலாண்டுக்குப் போதும், அதில்தான் தொடங்கவும் வேண்டும். கை நிலைத்தவர்களை மட்டும் அடுத்த படிக்கு ஏற்றினால் போதும்.

ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. விதிகளுக்குட்பட்ட பயிற்சிக்கு மட்டும் இடமுண்டு. அது நல்லதே. எந்த மாணவனும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கல்லூரியும் வைத்திருக்க வேண்டாம். மாவட்ட விளையாட்டரங்கை ஒட்டி ஒரே ஒரு தளம்; மாவட்டத்தின் அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொது. பிஸ்டல்கள் நான்கைந்து, காவல்துறைப் பாதுகாப்பில் இருக்கட்டும். மாணவர் படையில் செய்வதுபோல் கொடுத்த தோட்டாவையும் திரும்பிய காலிக் கூட்டையும் எண்ணிக் கையெழுத்து வாங்கட்டும். இருபது பேர், வாரம் முப்பது தோட்டா, ஆண்டில் முப்பது வாரம் என்றால் 18,000 தோட்டாக்கள். போட்டித் தரத் தோட்டாக்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் இதுவும் சின்னச் செலவல்ல. பயிற்சிக்குச் சாதாரணத் தோட்டா போதும். போட்டிக்கு மட்டும் உயர்ந்தது.

சுவருக்குக் கல் வேண்டுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கருங்கல்லுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஆனால் வெறும் கல்லில் பட்ட ஈயம் சிதறித் திரும்பி வரும். கல்லுக்கு முன்னால் தடித்த மண் மேடு போட்டு, ஆண்டுக்கொருமுறை சலித்து ஈயத்தை எடுக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி நாற்பத்தாறு கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும். ஈயம் நஞ்சு; சலிப்பவர்கள் கைகழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதபடி வாசலிலேயே ஒரு குழாயும் வேண்டும்.